இரு வழி ஓடும் நீர்

நுழையும் முன்

வேலை தேடி மலையேறிய குடும்பத்தில் பிறந்த ஒருவர், மேற்படிப்புக்காக மலையிறங்கி மதுரைக்குச் சென்றார். அங்கே மூன்று ஆண்டுகள் தாம் கற்றவற்றையும், இடையில் படிப்பை விட்டுத் திரும்ப முனைந்ததையும் அவரே இங்குக் கூறுகிறார். வீட்டில் பேசும் தமிழும் நூலில் படிக்கும் தமிழும் வெவ்வேறானவையா என்ற வினாவை மனத்தில் கொண்டு இக்கட்டுரையைப் படியுங்கள்.

இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்தில், வண்டிப்பெரியாற்றுக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்தேன். என் பாட்டனார் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு கங்காணியின் பின்னால் மலையேறி வந்தவர். தோட்டத்து லயத்தில் எங்களுக்கு ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் இருந்தன. தந்தையார் நான் பள்ளியில் படிக்கும்போதே காலமானார். அம்மா கொழுந்து பறித்து என்னையும் என் தம்பியையும் வளர்த்தார்.

எங்கள் வாசலில் நின்றால் பள்ளத்தில் பெரியாறு தெரியும். அது மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் சேரும் ஆறு. ஆனால் எங்கள் மலைகளில் பெய்யும் மழை முழுவதும் மேற்கே செல்வதில்லை. பென்னிகுவிக் என்னும் பொறியாளரின் முயற்சியால் 1895-ஆம் ஆண்டில் முல்லைப்பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டது. அணையில் தேங்கும் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டு, கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையோடு கலந்து மதுரைப் பக்கம் செல்கிறது. ஒரே மலையின் மழை இரு கடல்களை நோக்கி இரு வழியாக ஓடுகிறது. இதைப் பள்ளிப் பாடத்தில் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நானே அந்த நீரின் வழியில் பயணம் செய்தபோதுதான் தோன்றியது.

2002-ஆம் ஆண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை படிக்க எனக்கு இடம் கிடைத்தது. அம்மா குமுளி வரை வந்து பேருந்து ஏற்றிவிட்டார். தகரப் பெட்டியை என் காலடியில் தள்ளி வைத்துவிட்டு, "கொடியில துணியைக் காயப் போட்டா மறந்துறாத, தாயி. அங்க மழை வந்து நினைவுபடுத்தாது" என்றார். அவருக்குத் தெரிந்த மதுரை அவ்வளவுதான்; மழையில்லாத ஊர்.

பேருந்து குமுளி மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கியது. ஒரு வளைவில், மலைச்சரிவோடு ஒட்டிக் கீழே செல்லும் பெரிய இரும்புக் குழாய்களைக் கண்டேன். எங்கள் மலையின் நீர் அவற்றினுள் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே அந்நீர் மின்னாக்கி உருளைகளைச் சுழற்றிவிட்டு, வயல்களுக்குப் போகிறது. கம்பம், சின்னமனூர், தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று ஊர்கள் கடந்தன. குளிர் குறைந்தது, காற்று வெதும்பியது. நான்கு மணி நேரத்துக்கு மேல் சென்றபின் நாகமலை தெரிந்தது. பெயருக்கேற்ப நீண்டு படுத்த பாம்பு போன்ற குன்று அது. அதனருகே, தேனிச் சாலையிலேயே பல்கலைக்கழகத்தின் வாயில் இருந்தது. மதுரை நகரம் இன்னும் 13 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. மலையிலிருந்து வருபவர்களுக்கு முதலில் பல்கலைக்கழகம்; அதன் பிறகே மதுரை.

1966-ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 1978-இல் காமராசரின் பெயரைப் பெற்ற நிறுவனம் அது. முதல் துணைவேந்தராக இருந்தவர் பன்மொழி அறிஞர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். அவர் பெயரைத் தாங்கிய நூலகத்தில் நான் முதன்முறை நுழைந்தபோது வாசலிலேயே சிறிது நேரம் நின்றுவிட்டேன். எங்கள் பள்ளி நூலகம் ஒரு மர அலமாரி. அதன் சாவி தலைமையாசிரியரிடம் இருக்கும். இங்கோ அடுக்கடுக்காக நூல்கள். யாரும் சாவி கேட்கவில்லை. எதை எடுத்துப் படிப்பது என்று தெரியாமல் முதல் நாள் வெறுங்கையோடு திரும்பினேன்.

விடுதியில் என் அறைத்தோழி விருதுநகர் மாவட்டத்துப் பெண். முதல் நாள் இரவு உணவின்போது நான் அவளிடம், "கொஞ்சம் வெள்ளம் தா" என்று கேட்டேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "வைகையிலேயே வெள்ளம் இல்லை, விடுதியில் எங்கிருந்து வரும்?" என்றாள் ஒருத்தி. தண்ணீரை வெள்ளம் என்பது மலையாள வழக்கு. தமிழையும் மலையாளத்தையும் ஒரே மூச்சில் பேசி வளர்ந்த எனக்கு, எது எந்த மொழிச் சொல் என்று அதுவரை பிரித்துப் பார்க்கத் தோன்றியதில்லை. அவர்கள் தீய எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஆயினும் அன்று முதல் ஒவ்வொரு சொல்லையும் நாவில் வைத்து எடைபோட்டுப் பார்த்த பிறகே பேசினேன். வகுப்பில் வினா எழுந்தால் விடை தெரிந்தும் வாய் திறக்கமாட்டேன். தமிழ் படிக்க வந்தவள் தமிழ் பேச அஞ்சினேன்.

பேச அஞ்சியவளுக்கு நகரம் துணையாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து ஏறிப் பெரியார் நிலையத்தில் இறங்கி, தனியே நடப்பேன். மதுரையின் பழைய தெருக்கள் மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்துச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தவை. கோயிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றையொன்று சூழ்ந்து விரியும். தமிழ் மாதங்களின் பெயரைத் தெருக்களுக்குச் சூட்டி, அந்தந்த மாதத்துத் திருவிழாவை அந்தந்தத் தெருவில் நடத்திய ஊர் அது. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு இடையில் அப்போது தையற்பொறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு தூணடியில் பாடநூல் விற்பார்கள். மறு தூணடியில் பித்தளைக் குத்துவிளக்கு. பல நூற்றாண்டுப் பழமையுடைய கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒருவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தார். பழமையை அவ்வூர் மக்கள் பூட்டி வைக்கவில்லை. அதில் அமர்ந்து பிழைத்தார்கள்.

எங்கள் லயத்தில் இரவு எட்டு மணிக்கு விளக்கு அணைந்துவிடும். மதுரையிலோ நள்ளிரவிலும் இட்டலிக் கொப்பரையில் ஆவி பறக்கும். மல்லிகைச் சரம் விற்பவர் குரல் கேட்கும். தூங்கா நகரம் என்பார்கள். தமிழ்ச் சங்கம் சாலையிலுள்ள மதுரைத் தமிழ்ச் சங்கத்தையும் ஒரு நாள் பார்த்தேன். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய சங்கம் அது. பழஞ்சங்கங்களின் தொடர்ச்சியாக அதனை நான்காம் தமிழ்ச் சங்கம் என்று போற்றுவர். அதன் வாசலில் நின்றபோது பெருமை தோன்றவில்லை. இவ்வளவு பெரிய தமிழில் என் அம்மாவின் பேச்சுக்கு எங்கே இடம் என்ற எண்ணமே வந்தது.

முதலாண்டு முடியுமுன்பே ஓர் இடி விழுந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்து, பீர்மேடு வட்டத்தில் பல தோட்டங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டுவந்தன. எங்கள் தோட்டமும் அவற்றுள் ஒன்றாயிற்று. ஒரு காலையில் தொழிலாளர்கள் பெரட்டுக்குச் சென்றபோது பெயர் கூப்பிட யாரும் வரவில்லை. அம்மாவுக்குச் சேரவேண்டிய சம்பளப் பாக்கி நின்றது. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, தொலைவிலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு அவர் தினக்கூலியாகப் போகலானார். தம்பி எழுதிய கடிதத்தில்தான் இவையெல்லாம் எனக்குத் தெரிந்தன. அம்மா ஒன்றும் சொல்லியனுப்பவில்லை.

அன்றிரவு தகரப் பெட்டியைக் கட்டினேன். மறுநாள் காலை ஆசிரியரிடம் சென்று ஊர் திரும்புவதாகச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மதிய வகுப்பு முடிந்து போகலாமே, அம்மா. பேருந்து மாலையிலும் இருக்கிறது" என்றார். மறுத்துப் பேசத் தெரியாமல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

அன்றைய பாடம் சோழர் காலக் கோயில் கல்வெட்டுகள். ஆசிரியர் ஒரு கல்வெட்டின் படியைக் கரும்பலகையில் எழுதி, வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் 'கண்காணி' என்ற சொல் வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோயில் காரியங்கள் முறையாக நடக்கின்றனவா என்று மேற்பார்ப்பதைக் குறிக்க அக்காலக் கல்வெட்டுகளில் அச்சொல் வழங்கியது என்று விளக்கிய ஆசிரியர், "இச்சொல் இன்று வழக்கில் உண்டா?" என்று வகுப்பைக் கேட்டார். யாரும் விடை கூறவில்லை.

என்னை அறியாமல் என் கை உயர்ந்தது. "எங்கள் ஊரில் உண்டு, ஐயா. கங்காணி என்போம். என் பாட்டனாரை மலைக்கு அழைத்து வந்தவர் ஒரு கங்காணி. கொழுந்து பறிக்கும்போது பின்னால் நின்று பார்ப்பவரும் கங்காணிதான். அந்தப் பெயரைக் கேட்டாலே சிறு வயதில் எங்களுக்குப் பயம்" என்று சொன்னேன். எடைபோடாமல், என் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

ஆசிரியர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். "நாங்கள் இந்தச் சொல்லைக் கல்லில் படித்தவர்கள். உங்கள் வீட்டார் இந்தச் சொல்லின் கீழ் வேலை செய்தவர்கள். இதன் முழுப் பொருள் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். பிறகு, "இன்னும் எத்தனை சொற்கள் வைத்திருக்கிறாய்?" என்றார்.

மாலையில் தொலைபேசிக் கடைக்குச் சென்று, எங்கள் லயத்துக்கு அருகிலுள்ள மளிகைக் கடைக்குப் பேசி, அம்மாவை வரவழைத்தேன். படிப்பை நிறுத்தப்போகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அம்மா முந்திக்கொண்டார். "தோட்டத்தைப் பூட்டினவங்க தோட்டத்தைத்தான் பூட்டினாங்க, தாயி. உன் படிப்போட சாவி அவங்க கையில இல்ல. நீ அங்கயே இரு" என்றார். பேசிய நேரத்துக்குக் காசு ஏறிக்கொண்டே போனது. நான் ஒன்றும் சொல்லாமல் அழுதேன். திரும்பி வந்து பெட்டியை அவிழ்த்தேன்.

அதன்பின் மாலை நேரங்களில் நாகமலைப் புதுக்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து உணவுக் கட்டணத்தைத் தேடிக்கொண்டேன். இரவில் ஒரு குறிப்பேட்டில் எங்கள் தோட்டச் சொற்களை எழுதலானேன். தொழிலாளர்கள் காலையில் கூடும் பெரட்டு, 'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல்லின் மலைவடிவம். தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்குவது கவாத்து. மழைக்குத் தலையில் மடித்துப் போட்டுக்கொள்ளும் சாக்கு கொங்காணி. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒருவருடைய கையும் முதுகும் இருந்தன. அறைத்தோழி என் அருகே அமர்ந்து, "இது உன் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவதற்கு உதவினாள். முதல் நாள் சிரித்த அதே தோழிதான். வெள்ளம் என்ற சொல்லையும் ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னாள். "உங்கள் மலை வெள்ளத்தைத்தானே நாங்கள் இங்கே குடிக்கிறோம்" என்றாள்.

முதுகலை முடித்து ஆய்வியல் நிறைஞர் வகுப்பில் சேர்ந்தபோது, தோட்டத் தொழிலாளர் வழக்குச் சொற்களையே ஆய்வுத் தலைப்பாகக் கொண்டேன். அவ்வாண்டில் கல்வெட்டு வகுப்பினர் கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குச் சென்றோம். பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு குரண்டி என்னும் ஊரிலிருந்த சமணப் பள்ளியைச் சேர்ந்தவர்களின் பெயர்கள் அவற்றில் காணப்படுகின்றன. இன்னார் மாணாக்கர் இன்னார் என்று ஆசிரியர் பெயரை முன்வைத்தே அவர்கள் தம்மைக் குறித்திருக்கிறார்கள். அரசர் பெயரும் போர்ச் செய்தியும் மட்டுமே கல்லில் நிற்கும் என்று நான் எண்ணியிருந்தேன். யாரிடம் கற்றேன் என்பதும் கல்லில் பொறிக்கத்தக்க செய்தி என்று அவர்கள் கருதியிருக்கிறார்கள். வெயிலில் அந்தப் பாறையின் முன் நின்று, நான் யாருடைய மாணாக்கி என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

2005-ஆம் ஆண்டில் என் வாய்மொழித் தேர்வு நடந்தது. அம்மா முதன்முறையாக மதுரைக்கு வந்தார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, விடியற்காலைப் பேருந்தில் வந்து, கடைசி வரிசையில் இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தேர்வாளர் பல வினாக்கள் கேட்டார், விடை கூறினேன். இறுதியாக, "கவாத்து என்ற சொல்லுக்குப் பொருள் எழுதியிருக்கிறீர்கள். கவாத்து வெட்டிய செடியில் மீண்டும் கொழுந்து எடுக்க எவ்வளவு காலம் ஆகும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சொல்லைத் தொகுத்தேனே தவிர, செடியைக் கேட்கவில்லை. அவையில் அமைதி நிலவியது. நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "மூணு மாசமாவது பொறுக்கணும், ஐயா. தழைஞ்சு வரும்; பார்த்தா ஆசையா இருக்கும். அவசரப்பட்டுக் கிள்ளினா செடி நோஞ்சானாப் போயிரும்" என்றார்.

தேர்வாளர் தம் எழுதுகோலை எடுத்து, அந்த விடையை என் ஆய்வேட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். "நன்றி, அம்மா. உட்காருங்கள்" என்றார். அம்மா உட்காரவில்லை. அந்த அவையில் தான் கேட்கப்பட்டதையும் தான் சொன்னது எழுதப்பட்டதையும் நம்பமுடியாதவர் போலச் சிறிது நேரம் நின்றுகொண்டே இருந்தார்.

அன்று மாலை அவரை வைகைப் பாலத்துக்கு அழைத்துச் சென்றேன். ஆற்றில் மணல் அகலமாகவும் நீர் குறுகலாகவும் இருந்தது. "நம்ம மலைத் தண்ணியா இது?" என்று கேட்டார். "அதுவும் கலந்துதான் வருகிறது, அம்மா" என்றேன். "இவ்வளவு தூரம் வந்தும் நிக்காம ஓடுதே" என்றார்.

இப்போது நான் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூருக்கு அருகில் தமிழ் கற்பிக்கிறேன். அங்கும் எல்லைக்கு அப்பாலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். சிலர் வாய் திறக்கத் தயங்குவார்கள். வீட்டுச் சொல் வகுப்பில் வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். நான் அவர்களைத் திருத்துவதற்கு முன், அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதச் சொல்வேன். தேர்வில் எழுதவேண்டிய சொல்லை அதன் பக்கத்தில் எழுதுவேன். இரண்டும் அங்கே அருகருகே இருக்கும்.

என் ஆய்வேட்டின் ஒரு படி என் மேசையில் உள்ளது. அதன் முதற்பக்கத்தில், சமணர் மலைப் பாறையில் கண்ட முறைப்படி, ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: 'வண்டிப்பெரியாற்றில் கொழுந்து பறிக்கும் தாயின் மாணாக்கி எழுதியது.'

சொற்பொருள்

லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகள்
கொழுந்து – இளந்தளிர். இங்குத் தேயிலைத் தளிர்
வழக்கு – மக்கள் பேச்சில் வழங்கும் முறை
ஆய்வேடு – ஆராய்ந்து எழுதி அளிக்கும் நூல்
வாய்மொழித் தேர்வு – நேரில் வினவி விடை பெறும் தேர்வு
நோஞ்சான் – வலுவற்றது
மாணாக்கி – மாணவி

சிந்தித்து விடை எழுதுக

1. 'இரு வழி ஓடும் நீர்' என்ற தலைப்பு இக்கட்டுரைக்கு எவ்வாறு பொருந்துகிறது?
2. கட்டுரையாசிரியர் வகுப்பில் பேச அஞ்சியதற்கும், பின்னர் அச்சம் நீங்கியதற்கும் காரணங்கள் யாவை?
3. "சொல்லைத் தொகுத்தேனே தவிர, செடியைக் கேட்கவில்லை" – இத்தொடரை விளக்குக.
4. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தம் தொழிலில் வழங்கும் ஐந்து சொற்களைக் கேட்டு எழுதுக. ஒவ்வொன்றின் பொருளையும் அவர்கள் கூறியவாறே எழுதுக.